துணைக்கு ஆள் உண்டு, தனியே வாருங்கள்

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் (கணவர் / தந்தை / மகன்).' தாய், தங்கை, தோழி யாருக்கும் அந்த அடைப்புக்குறிக்குள் இடமில்லை. தோழியின் பெயரை எழுதி அனுப்பினேன். மறுநாள் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "மேடம், ஃபேமிலில யாராவது ஒருத்தர் நம்பர் குடுங்களேன், சும்மா ஃபார்மாலிட்டிக்குத்தான்" என்றாள். 'சும்மா' என்று நம்மிடம் கேட்கப்படும் எதுவும் சும்மா கேட்கப்படுவதில்லை. அண்ணனின் எண்ணைக் கொடுத்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது.

சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஆறு இரவு, ஏழு பகல். பெண்களுக்கு மட்டும், அதிலும் தனியாக வருகிறவர்களுக்கு மட்டும். முழுப் பயணத்துக்கும் துணையாக நிறுவனத்தின் மேலாளர் உடன் வருவார். இத்தகைய 'சோலோ' குழுப் பயணங்கள் இப்போது நல்ல வியாபாரம். வகுப்பில் விளம்பரங்களைப் பிரதியாக வைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஆகவே அந்தப் பயணக் கையேட்டையும் வாசித்தேன். அட்டையில் ஒரு பெண், தொப்பி போட்டு, முதுகைக் காட்டி, இரு கைகளையும் விரித்துக் கடலைப் பார்த்து நிற்கிறாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆளில்லை. உள்ளே பக்கம் புரட்டினால் 'பாதுகாப்பு' என்ற சொல் 'கடல்' என்ற சொல்லைவிட அதிகமாக வருகிறது. அட்டையில் விற்கப்படுவது தனிமை, உள்ளே விற்கப்படுவது காவல். ஒரே விலைக்கு இரண்டையும் வாங்குகிறோம்.

தமிழில் 'துணை' என்ற சொல் வேடிக்கையானது. ஆணுக்குத் துணை என்றால் துணைவி, அவன் வீட்டில் இருக்கிறாள். பெண்ணுக்குத் துணை என்றால் வெளியே போகும்போது கூட வருகிற ஆள். அது பன்னிரண்டு வயதுத் தம்பியாகக்கூட இருக்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு மருந்துக் கடைக்குப் போக அக்காவுக்கு அவன் துணை. வழியில் நாய் குரைத்தால் அக்காதான் அவனைக் காப்பாற்ற வேண்டும், அது வேறு விஷயம். "கூட யாரு வர்றா?" என்பது நம் ஊரில் கேள்வியே இல்லை, அனுமதிச் சீட்டு. இந்தப் பயணம் செய்வது என்னவென்றால், அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதிலைத் தயாரித்துக் கையில் கொடுப்பது. "கம்பெனிக்காரங்க வர்றாங்க." குழுவில் வந்த பதினான்கு பேரில் பலர், வீட்டில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் கிளம்ப முடிந்தது என்றார்கள். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தப் பதில் கிடைத்துவிட்டதால் கேள்வி செல்லாமல் போய்விடவில்லை.

கடலும் பெண்ணும் என்றால் தமிழ் படித்தவளுக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் இருக்காது. முந்நீர் வழக்கம் பெண்ணோடு இல்லை என்கிறது அகத்திணையியல். இளம்பூரணர் முந்நீரைக் கடல் என்றே கொண்டார். கடல் கடந்து போகும் தலைவன் தலைவியை அழைத்துப் போவதில்லை. நச்சினார்க்கினியரோ அந்தச் சொல்லைப் பிரித்து, ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று நீர்மையால் பிரியும் பிரிவு என்றார். வகுப்பில் இந்த உரை வேறுபாட்டைச் சொல்லும்போது ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவி கேட்பாள்: "ரெண்டு பேர் சொல்றதுலயும் அவ வீட்லதானே இருக்கா மேம்?" ஆமாம், அதில் உரையாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

அப்படியானால் நம் இலக்கியத்தில் தனியே திரிந்த பெண்களே இல்லையா? இருக்கிறார்கள், ஆனால் உடலில் எதையாவது விலையாகக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். ஔவை, இளமை வேண்டாம், முதுமை கொடு என்று பிள்ளையாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்கிறது வாய்மொழிக் கதை. சங்கப் பாடல்களின் ஔவையை இளம் விறலியாகப் படிக்க இடமிருக்கிறது. ஊர் ஊராகப் போனவள் என்பதற்காகவே பின்வந்தவர்கள் அவளைக் கிழவியாக்கினார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. காரைக்காலம்மையின் கதை இன்னும் கூர்மையானது. கணவன் பரமதத்தன் வாணிபம் என்று சொல்லிக் கப்பலேறிப் போகிறான், திரும்பி வேறோர் ஊரில் இறங்கி வேறொரு பெண்ணை மணந்து குடும்பம் நடத்துகிறான். அவனுக்கு வேறு உடல் தேவைப்படவில்லை. புனிதவதிக்கு மட்டும் தசையை உதறிப் பேயுருவம் கேட்டுப் பெற்ற பிறகே கயிலைக்கு வழி திறக்கிறது.

மணிமேகலையை இந்த வரிசையில் கடைசியாக வைத்தேன். காரணம், அவள் போனது ஒரு தீவுக்கு, அதுவும் துணையோடு. புகாரில் இந்திர விழாக் காலம். பூப்பறிக்க உவவனத்துக்குப் போன பெண்ணை இளவரசன் உதயகுமரன் துரத்துகிறான். அவள் பளிக்கறைக்குள் ஒளிகிறாள். ஊருக்குள் அவனைக் கட்டிப்போட யாராலும் முடியவில்லை, ஆகவே அவளை ஊரைவிட்டு எடுக்கிறார்கள். மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கத்திலேயே ஏந்தி, முப்பது யோசனை தெற்கே, மணிபல்லவத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அது எந்தத் தீவு என்ற சண்டை இங்கே வேண்டாம். பிறகு தெய்வம் புகாருக்குத் திரும்பி, சுதமதியை எழுப்பி, அவள் ஏழாம் நாள் வந்துவிடுவாள், மாதவியிடமும் சொல் என்று செய்தி சொல்கிறது. ஏழு நாள் தீவுப் பயணம், துணை, வீட்டுக்குத் தகவல். சாத்தனார் எழுதிய இந்தப் பகுதியை இத்தனை ஆண்டு பாடம் நடத்தியும், எங்கள் குழுவின் வாட்ஸ்ஆப்பைப் பார்க்கும்வரை எனக்கு இது உறைக்கவில்லை.

அதில் இரண்டு குழுக்கள் இருந்தன. ஒன்று எங்களுக்கு. மற்றொன்று வீட்டாருக்கு, நாங்கள் அதில் இல்லை. மதியம் ஒன்று, இரவு ஒன்று என்று எங்கள் படங்கள் அங்கே போய்க்கொண்டிருந்தன. எங்களோடு வந்த ஒரு வங்கி அதிகாரியை அவர் மகன் கூப்பிட்டு, "ஏம்மா இன்னிக்கு ஃபோட்டோல நீ இல்ல?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரியவந்தது. மேலாளர் ஒளிக்கவில்லை. "வீட்ல நிம்மதியா இருப்பாங்கல்ல மேம்" என்றாள். எங்கள் நிம்மதிக்கு நாங்கள் பணம் கட்டியிருந்தோம், அவர்கள் நிம்மதி இலவசம்.

இனிதான் ஒப்புமை முறிகிற இடம். அந்தத் தீவில் தெய்வம் மணிமேகலையின் கூடவே இருப்பதில்லை. விழித்தவள் சுதமதியைக் கூப்பிட்டு அழுகிறாள், மணலில் தனியே நடக்கிறாள், பீடிகையைத் தானே கண்டு பழம்பிறப்பை உணர்கிறாள். அதன் பிறகே தெய்வம் தோன்றி மூன்று மந்திரங்களைக் கொடுக்கிறது: வானில் செல்ல ஒன்று, வேற்றுரு எடுக்க ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. அமுதசுரபியோடு ஊர் திரும்புகிறவளுக்குத் துணை கிடையாது. தூக்கிவரப்பட்டவள் தானாகப் பறந்து போகிறாள். அப்போதும் கதை அவளை முழுதாக விட்டுவிடவில்லை. பிச்சைப் பாத்திரத்தோடு ஊருக்குள் நடமாடக் காயசண்டிகையின் உருவம், வஞ்சியில் சமயவாதிகளிடம் போய் உட்கார்ந்து கேட்க ஒரு மாதவனின் ஆண் உருவம் என்று அவளும் உடலை மாற்ற வேண்டியிருக்கிறது. ஆனாலும் வழிச்செலவுக்கான வித்தையைக் கையில் கொடுத்துவிட்டு விலகிய துணை என்று தமிழில் எனக்குத் தெரிந்து அந்தத் தெய்வம் ஒன்றுதான். துணையாக வருகிற எவரையும் இனி அந்த அளவுகோலால்தான் அளப்பேன்.

அறை விஷயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தனியாக வருகிறவர்களுக்கான பயணத்தில் விலை இருவர் பகிரும் அறைக்கே போடப்பட்டிருந்தது. முன்பின் தெரியாத ஒருவரோடு படுக்க வேண்டும், இல்லையென்றால் 'சிங்கிள் சப்ளிமென்ட்' கட்ட வேண்டும். விடுதித் தொழிலின் கணக்கு எனக்கும் புரிகிறது, கட்டில் காலியாக இருந்தால் அவர்களுக்கு நட்டம். ஆனால் உலகத்தின் அலகு ஜோடிதான், ஒற்றை என்பது குறை என்பதை ரசீது போட்டுச் சொல்கிற இடம் இதைவிட வேறில்லை. வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் பெண்ணுக்குத் தனி அறையும் ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டும் வேண்டும் என்றார். அறைக்கே ஐந்நூறும் போய்விடும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பணம் கட்டித் தனியறை எடுத்தேன். பகிர்ந்துகொண்ட இரண்டு பேர் விடியவிடியப் பேசிச் சிரித்தது சுவர் வழியே கேட்டது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

முதல் நாள் மாலை செல்லுலார் சிறை. போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர். எங்கள் ஓட்டுநர் பழைய பெயரையே சொன்னார். 1896 தொடங்கிப் பத்தாண்டு கட்டிய சிறை, ஏழு கரங்களில் இப்போது மூன்று நிற்கின்றன. ஒலி ஒளிக் காட்சியில் ஒரு மரம் கதை சொல்கிறது. செக்கு, சவுக்கு, தூக்குமேடை, வரிசையாக ஆண்களின் பெயர்கள். அந்தத் தியாகத்தின்மேல் எனக்குக் குறையொன்றும் இல்லை. என் குறை பயணத் திட்டத்தின்மேல். பெண்களுக்கென்றே வகுத்த திட்டம், பதினான்கு பெண்களைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்து, இந்தத் தீவுக்குப் பெண்கள் வந்ததே இல்லை என்பது போன்ற ஒரு கதையைக் கேட்கவைத்தது.

வந்தார்கள். செல்லுலார் சிறை எழும்புவதற்கு வெகுமுன்பே, 1858-இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், பெண் கைதிகளும் கப்பலேற்றப்பட்டார்கள். சவுத் பாயின்ட் என்ற இடத்தில் அவர்களுக்கென்று தனிச் சிறை இருந்தது. கணவனைக் கொன்றவர்கள், பெற்ற சிசுவைக் கொன்றவர்கள் என்று தண்டிக்கப்பட்டவர்கள் அவர்களில் கணிசம். அந்தச் சிசுக்களின் பின்னால் எந்தெந்த விதவைகள், எந்தெந்த ஊர்கள் இருந்தன என்பதை நாம் ஊகிக்கலாம். பிரிட்டிஷ் நிர்வாகம் பெண்களைக் கொண்டுவந்தது இரக்கத்தால் அல்ல. ஆண் கைதிகள் குடும்பஸ்தர்களாகி மண்ணில் வேர்விட வேண்டும், அதற்கு மனைவிகள் வேண்டும். சில ஆண்டு தண்டனை கழித்த பெண்களை வரிசையாக நிறுத்துவார்கள். நன்னடத்தைச் சலுகை பெற்ற ஆண் கைதி வந்து பார்ப்பான். பெண் மறுக்கலாம். மறுத்தால் திரும்பச் சிறை, சம்மதித்தால் வீடு. அதைக் 'கல்யாண அணிவகுப்பு' என்றே சொன்னார்கள். கணவனைக் கொன்றதற்காகக் கடல் கடத்தப்பட்டவளுக்கு விடுதலைச் சீட்டு இன்னொரு கணவன். இன்று 'லோக்கல் பார்ன்' என்று அழைக்கப்படும் தீவுச் சமூகத்தின் பாட்டிகள் இவர்கள். வரலாற்றாசிரியர் சதத்ரு சென் போன்றவர்கள் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

குடும்பம் கூட வராமல், முழுவதும் காவல் துணையோடு, இந்தத் தீவுக்கு வந்த முதல் பெண் பயணிகள் அவர்கள்தாம். கையேட்டில் அவர்களுக்கு ஒரு வரி இல்லை. மேலாளரிடம் சவுத் பாயின்ட் பக்கம் போக முடியுமா என்று கேட்டேன். அங்கே 'பாயின்ட்' எதுவும் இல்லை என்றாள். தொழிலில் பாயின்ட் என்றால் படம் எடுக்கத் தகுந்த இடம்.

ஐந்தாம் நாள் பாராடாங். விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பிவிட்டார்கள். சுண்ணாம்புக் குகைக்கும் சேற்று எரிமலைக்கும் போகிற சாலை ஜாரவாக்களின் காப்புக்காடு வழியே போகிறது. ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகள் சேர்ந்து காவலோடுதான் போக வேண்டும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. 2002-இல் உச்ச நீதிமன்றம் மூடச் சொன்ன சாலை அது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2012-இல் ஒரு காணொளி உலகெங்கும் ஓடியது: ஜாரவாப் பெண்களைத் தின்பண்டத்துக்காக ஆடச் சொல்லும் குரல்கள். அதற்குப் பிறகு விதிகளைப் பற்றி நாட்டில் மறுபடியும் பேச்செழுந்தது.

முந்தைய நாள் இரவு உணவின்போது, பேருந்தில் ஆண்கள் பார்க்கிற பார்வையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தோம். முறைத்துப் பார்ப்பவன், தெரியாதவன்போலப் பார்ப்பவன், கண்ணாடி வழியே பார்ப்பவன். மேசையில் எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது. அடுத்த நாள் காலை அந்தக் காட்டுக்குள் வேன் நுழைந்ததும் பேச்சு நின்றது. பதினான்கு பேரும் சன்னலோரம் சாய்ந்தோம். "தெரிவாங்களா?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். ஒரு திருப்பத்தில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள், ஒருத்தி இடுப்பில் குழந்தை. வேன் நிற்கவில்லை. யாரும் படம் எடுக்கவில்லை, விதியை மீறவில்லை. ஆனால் அந்தச் சில விநாடி நாங்கள் பார்த்த பார்வைக்கு முந்தைய இரவு நாங்கள் வைத்த பெயர்களில் ஒன்று பொருந்தும். நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டும்போது அந்தச் சாலை அதில் இருப்பது கையேட்டிலேயே இருந்தது. வேண்டாம் என்று நான் கேட்டிருக்கலாம், அன்றைக்கு அறையிலேயே இருந்திருக்கலாம். கேட்கவில்லை, இருக்கவில்லை. பெண்கள் மட்டுமே உள்ள வண்டி என்பதால் அது பாதுகாப்பான வண்டி என்று சொன்னார்கள். யாருக்கு என்று யாரும் சொல்லவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ராதாநகர் கடற்கரையைச் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. ஹேவ்லாக்கில், 2018 முதல் ஸ்வராஜ் தீவு, மூன்றாம் நாள் மாலை. திட்டத்தில் 'ஓய்வு நேரம்' என்று போட்டிருந்த இரண்டு மணி நேரம். எங்கள் குழுவில் அறுபத்திரண்டு வயது அம்மா ஒருவர், திருநெல்வேலிப் பக்கம், ஓய்வுபெற்ற செவிலி. நான்கு ஆண்டுக்கு முன் கணவர் இறந்தபின் வெளியே கிளம்பியது இதுதான் முதல் தடவை. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே தண்ணீருக்குள் போய் உட்கார்ந்தார். அலை வந்து தோள்வரை நனைத்துவிட்டுப் போனது. எழுந்திருக்கவில்லை. முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தார். அழுதாரா சிரித்தாரா என்றெல்லாம் நான் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதில்லை. நாற்பது வருடம் சின்னச் சின்ன ஊர்களில் ராத்திரிப் பணி பார்த்த உடம்பு அது. யாரும் அவரிடம் சளி பிடிக்கும் என்றோ, வயசென்ன ஆச்சு என்றோ சொல்லவில்லை. இப்படிச் சொல்கிற ஆள் ஒருவர்கூட இல்லாத கடற்கரை அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை. அதைக் கொடுத்தது இந்தப் பயணம்தான். முதலாளித்துவம் பெண்ணியத்தைப் பொட்டலம் கட்டி விற்கிறது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிற கட்டுரைகளை நானும் எழுதியிருக்கிறேன். அந்த முக்கால் மணி நேரத்துக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011-இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல், பெண் பொதுவெளியில் எப்போதும் ஒரு காரணத்தோடு இருந்தாக வேண்டியிருக்கிறது என்கிறது: வேலைக்கு, கடைக்கு, பிள்ளையைக் கூப்பிட. காரணமில்லாமல் நிற்கும் உரிமையை அவர்கள் கேட்கிறார்கள். பாதுகாப்பைக் கேட்டால் காவல்தான் கிடைக்கும், ஆகவே ஆபத்தை ஏற்கும் உரிமையைக் கேளுங்கள் என்பது அவர்கள் வாதம். மாணவிகளுக்கு இந்த வாதம் பிடிக்கும், அவர்கள் அம்மாக்களுக்குப் பிடிக்காது. எனக்கு ஒரு தயக்கம் உண்டு. யார் ஏற்கும் ஆபத்து யார் தலையில் விடிகிறது என்பது சாதிக்குச் சாதி, வர்க்கத்துக்கு வர்க்கம் மாறுகிறது. எங்கள் மேலாளர் பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வயது. மாதத்தில் பாதி நாள் வெளியூர். விடியுமுன் எழுந்து எங்களை எழுப்பி, கப்பல் ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணி, ராத்திரி கடைசியாகப் படுக்கிறவள். எங்களுக்குத் துணை அவள். அவளுக்கு யார்? கேட்டேன். "எனக்கென்ன மேம், நான் வேலைக்கு வந்திருக்கேன்" என்றாள். காரணம் இருக்கிறது, அது போதும் என்று அவளும் நம்பினாள். ஹேவ்லாக்கில் அவளுக்குக் கொடுத்த அறையின் தாழ்ப்பாள் சரியில்லை. இரண்டு இரவும் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துத் தூங்கியிருக்கிறாள். இது வீட்டார் குழுவுக்குப் போன படங்களில் இல்லை.

கடைசி நாள் காலை, ஊருக்குக் கிளம்புமுன், ஃபீனிக்ஸ் பே துறைப்பக்கம் வண்டியை நிறுத்தினார்கள். செவிலி அம்மா மேலாளரிடம், "இங்கேர்ந்து கவர்மென்ட் கப்பலுக்கு டிக்கெட் எங்கம்மா எடுக்கணும்? அடுத்த தடவ நானா வந்து பத்து நாளு அந்தத் தீவுல இருக்கலாம்னு பாக்கேன்" என்றார். அவள் நிஜமான அக்கறையோடுதான் சொன்னாள்: "அதெல்லாம் க்யூல நிக்கணும்மா, எதுக்கு அலைச்சல்? எங்ககிட்ட சொன்னா நாங்களே எல்லாம் பண்ணித் தந்துருவோம்." அம்மா தலையை ஆட்டிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிரே இருந்த தேநீர்க் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண் தமிழ், இராமநாதபுரத்திலிருந்து மாமனார் காலத்தில் வந்த குடும்பமாம். "தனியாவா வர்றீங்க?" என்று கேட்டாள். அம்மா ஆமாம் என்றார். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கவுண்ட்டர் எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் போய் நிற்க வேண்டும், எந்த அடையாள அட்டை வேண்டும், காற்று எந்த மாதம் மோசம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அம்மா என் பேனாவை வாங்கி, பயணக் கையேட்டின் பின்னட்டையில், வெற்றாக இருந்த இடத்தில், எழுதிக்கொண்டார். வண்டியருகே மேலாளர் பெண் பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு எங்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.